மாவுக்கடை நிழல்

எந்த முனையில் தொடங்கினாலும் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோம் என்று சண்முகக்கனிக்குப் பயமாக இருந்தது. நிழலில் தொடங்கினால் கேட்கிறவர்கள் பேய்க்கதை என்று நினைத்து யாரிடம் தாயத்து கட்டினாய் என்று கேட்பார்கள், கல்யாண வீட்டில் தொடங்கினால் மாப்பிள்ளையின் அம்மாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆகிவிடும், கம்ப்யூட்டரில் தொடங்கினால் அது மெஷின் செய்த கோளாறு என்று முடிந்துவிடும். எப்படிச் சொன்னாலும் சண்முகக்கனி மட்டும் தப்பித்துக்கொள்வாள். தான் தப்பித்துக்கொள்ளும்படி கதை சொல்ல அவளுக்கு நன்றாகவே வரும், அதனால்தான் பயம். ஆகவே அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலில் தொடங்குவதே சரி.

அந்த விரல் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்கிய விரல். ஒரு குச்சி கோணினாலும் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். கல்யாணமாகி, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்து, அவள் மஸ்கட்டுக்குப் போன பிறகு வீட்டில் சும்மா கிடந்த அந்த விரல், பெண்களுக்கு வீடியோ எடிட்டிங் கற்றுத்தரப்படும் என்று மணல்தேரி பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில் தொங்கிய பலகையைப் பார்த்துவிட்டு அவளை ஜெபசிங்கின் ஸ்டுடியோவுக்குப் படியேற்றியது. ஜெபசிங்குக்கு அவள் மகளைவிடச் சின்ன வயது. ஊரில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் அவன்தான் கேமரா. "அக்கா, இங்கிலீஷ் தெரியலன்னு கவலைப்படாதீங்க, படத்தைப் பாத்து அமுக்குங்க" என்றான். அவளும் படம் பார்த்தே படித்தாள். பிளேடு வரைந்திருந்தால் வெட்டும், பேனா வரைந்திருந்தால் சுற்றிக் கோடு போடும், கண் வரைந்திருந்தால் அதை மூடினால் அந்த அடுக்கில் இருக்கிறது மறைந்துபோகும். கோடு போட்டு ஆளைச் சுற்றி வளைப்பதற்கு மாஸ்க் என்று பெயர், பச்சைத் துணிக்கு முன்னால் நின்றவர்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்பதும் தெரிந்தது. ஒரு வாரத்தில் அவள் கோடு ஜெபசிங்கின் கோட்டைவிட நேராக இருந்தது. அவனே சொன்னான். அவள் அதை வீட்டுக்குப் போய்ப் புருஷன் பட்டுராஜனிடம் சொன்னாள். "கோடு போட்டுச் சோறு பொங்க முடியுமான்னு கேளு" என்றார் அவர்.

வீடியோவிலிருந்து ஆளை எடுப்பது என்பது ஸ்டுடியோவில் புதிதல்ல. வீடியோ கைக்கு வருவதற்குள் சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகளை ஜெபசிங் எடுத்திருக்கிறான், தண்ணி போட்டுவிட்டு மேடையேறிய மாமாக்களை எடுத்திருக்கிறான், எடுக்கப்பட்ட மாமாக்கள் மறுநாளும் தண்ணி போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தார்கள்.

அப்படித்தான் பிரவீணாவின் கல்யாண வீடியோ வந்தது. தாயில்லாப் பிள்ளை பிரவீணா. அவளை வளர்த்தது அவள் அப்பாவின் அக்கா அன்னபாக்கியம், மேலரத வீதியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். கட்டின ஆறேழு மாதத்தில் புருஷனை லாரிக்குக் கொடுத்துவிட்டு தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கல்யாணத்திலும் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள், யாரும் சொல்லாமலே நின்றாள். பிரவீணா கல்யாணத்திலும் அங்கேதான் நின்றாள். ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் மணமாலை பிரவீணாவின் பின்கழுத்தில் சிக்கித் தலையை நிமிர்த்த விடாமல் இழுத்தது, சுற்றி நின்ற சுமங்கலிகள் அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவள் விறுவிறுவென்று மேடையேறி, கையை உயர்த்தி மாலையை விடுவித்துவிட்டு, வந்த வேகத்தில் இறங்கிப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

மாப்பிள்ளையின் அம்மா ராமலட்சுமி ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள்.

"தாலி கட்டுற நேரத்துல பின்னால ஒரு வெறும் நெத்தி தெரியுது தம்பி. அதை எடுத்திருங்க."

"அவிய பொண்ணை வளத்த அத்தை" என்றான் ஜெபசிங்.

"வளத்ததுக்குத்தான் பட்டுச்சேலை எடுத்துக் குடுத்தாச்சே. இது எங்க வீட்டு டீவில ஓடும், நாலு பேரு வருவாவ, பாப்பாவ. நான் என்ன அவிய குடியவா கெடுக்கச் சொல்லுதேன், வீடியோலதான எடுக்கச் சொல்லுதேன்?"

ஜெபசிங் கொஞ்ச நேரம் ஹெட்போனை நோண்டினான். பிறகு சண்முகக்கனி பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க செய்யுங்க, பழகினாப்பல இருக்கும்" என்றான்.

அன்று காலையில்தான் சண்முகக்கனி அன்னபாக்கியத்திடம் மாவு வாங்கியிருந்தாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கண் வலிக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டது வேறு: அவளே ஒதுங்கி நிற்கிறவள்தானே, எடுத்தால் அவளுக்கு என்ன வலிக்கவா போகிறது. விரல் நகர்ந்தது. சேலைக் கரையோரம், கொண்டையோரம், உயர்த்திய கையின் ஒவ்வொரு விரலோரமும் அந்த விரல் கோடு இழுத்துக்கொண்டே போய், மதியச் சாப்பாட்டையும் மறந்து, சாயங்காலம் கண் படத்தை அமுக்கியபோது அன்னபாக்கியம் நின்ற இடத்தில் செவ்வந்திப்பூ ஜோடனை ஒரு சுருக்கமில்லாமல் விரிந்தது. சண்முகக்கனிக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னாளில் அவளால் மறக்க முடியாமல் போனது அந்தச் சந்தோஷம்தான்.

மறுநாள் காலையில் மாவுக்கடையில் அன்னபாக்கியம் இல்லை, அவள் நிழல் இருந்தது.

தூக்குச்சட்டியோடு முதலில் போன பால்காரர் பார்த்தார். சுவரில் கொண்டை போட்ட நிழல் ஒன்று குனிந்து கரண்டியின் நிழலை எடுத்தது, கரண்டி எழும்பியது, மாவு சட்டிக்குள் விழுந்தது. "ஆள் எங்க?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டாள். "நிழல் நிக்குல்லா" என்றார் அவர். "மாவு புளிச்சிருக்கா?" "அளவாத்தான் இருக்கு." "அப்ப சரி" என்று அவளும் சட்டியை நீட்டினாள்.

மணல்தேரி அந்த நிழலுக்குப் பழகியது. ஊருக்குப் புதிதாக வந்த டவுன் பஸ்ஸுக்குப் பழகின மாதிரி, முதலில் நேரம் தெரிந்துகொண்டது. காலையில் நிழல் சுவரில் ஆள் உயரம் நிற்கும், அப்போது போனால் மாவு கிடைக்கும். உச்சி வெயிலில் கிரைண்டருக்கு அடியில் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும், அப்போது யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. சாயங்காலம் நீண்டு நீண்டு பஸ் நிலையம் வரைக்கும் போகும், அப்போது அவரவர் வீட்டு வாசலில் நிழலின் கை விழுகிற இடத்தில் சட்டியை வைத்தால் போதும், கடைக்கு நடக்க வேண்டாம். மழை நாட்களில் ஊரே தோசைக்கு வழியில்லாமல் உப்புமா தின்றது. வார்டு மெம்பரிடம் பெண்கள் திரண்டு போய்ச் சொன்னார்கள், அவர் அன்னபாக்கியம் உயிரும் உடம்புமாக இருந்தபோது பத்து வருஷமாக அலைந்தும் கிடைக்காத தெருவிளக்கைக் கடைக்கு நேர் எதிரே போட்டுக்கொடுத்தார். ரேஷன் கடையில் நிழல் தன் விரலைக் கைரேகை மெஷினின் நிழலில் வைத்தது, எத்தனையோ பேருடைய நிஜ விரலுக்குக் கண் திறக்காத மெஷின் அதற்குப் பச்சை விளக்கு காட்டியது. மினி பஸ் டிரைவர் நிழல் ரோட்டைக் கடக்கிற வரைக்கும் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். பிள்ளைகள் மிதித்துவிடாமல் தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் ஆளாக நடந்த காலத்தில் அவளுக்காக எந்த வண்டியும் நின்றதில்லை.

பிறகு கல்யாணங்களுக்கும் கூப்பிட்டார்கள். இதில் முதலில் கொஞ்சம் பேச்சு நடந்தது. ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள், கோயில் பூசாரி எல்லாரும் கூடிப் பேசி, நிழலுக்கு நெற்றி ஏது, நெற்றி இல்லாததற்குப் பொட்டு இல்லை என்று குறை சொல்ல முடியுமா என்று முடிவு செய்தார்கள். அதன்பிறகு மேடையில் முன்வரிசையிலேயே நிழலுக்கு இடம் விட்டார்கள். ஆசீர்வாதம் வாங்கினார்கள். "இப்பத்தான் அன்னபாக்கியம் லெச்சணமா இருக்கா" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்தார்கள். அவள் எங்கே போனாள், எங்காவது வலிக்கிறதா, திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் கேட்பார்கள் என்று சண்முகக்கனி தினமும் காத்திருந்தாள்.

அவளை அந்த நிழல் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வேறு கடையில் வாங்கலாம் என்று ஒரு வாரம் சுற்றிப் போனாள். அவள் வாசலுக்கே நிழலின் கை நீண்டு வந்து நின்றது, சட்டியை வைக்காமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாளே என்று வைத்தாள், அளந்து ஊற்றிய பிறகு நிழல் எப்போதும்போல அவளுக்கு மட்டும் ஒரு கரண்டி கொசுறு ஊற்றியது. அந்தத் தோசை அவளுக்கு இறங்கவில்லை. "என்ன, வாய்க்கு விளங்கலையா?" என்று கேட்ட பட்டுராஜன் அதையும் சேர்த்துத் தின்றார்.

ஒருநாள் பிரவீணா ஸ்டுடியோவுக்கு வந்தாள். புதுத் தாலிக் கயிறு இன்னும் மஞ்சள் மாறாமல் இருந்தது. காலையெல்லாம் மாவுக்கடையில் அத்தையின் நிழல் மடி விழுந்த தரையில் தலைவைத்துப் படுத்திருந்ததாகச் சொன்னாள், கன்னத்தில் சிமெண்டுத் தரையின் பொடி ஒட்டியிருந்தது.

"அக்கா, அத்தை மொகம் தெரியுற மாதிரி ஏதாவது வீடியோ இருந்தா பாத்துக் குடுங்களேன். எனக்கு மொகம் மறந்துக்கிட்டே வருது. மூக்குத்தி எந்தப் பக்கம்னு நேத்து எங்கப்பாகிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல."

"பாக்கேன்மா" என்றாள் சண்முகக்கனி.

"அவிய ஏன்க்கா இப்படி ஆனாவ?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தும்விட்டது. "தெரியலையேம்மா" என்றது.

ஜெபசிங்கிடம் அசல் பதிவைக் கேட்டாள். அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று கார்டையும் கம்ப்யூட்டரில் இருந்த அசலையும், ஆளை எடுத்து முடித்த அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னான், அது அவன் வழக்கம், முகூர்த்த மாதத்தில் எல்லா ஸ்டுடியோவுக்கும் அதுதான் வழக்கம். மிஞ்சியிருந்தது அவள் திருத்தியது மட்டும்தான். ஸ்டுடியோவில் கிடந்த பழைய ஹார்டு டிஸ்குகளை எல்லாம் எடுத்துப் போட்டு, ஊரின் கல்யாணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அன்னபாக்கியம் இருந்தாள். ஒன்றில் தூணுக்கு இந்தப் பக்கம் பாதித் தோள், ஒன்றில் பந்தி இலைக்கு மேலே சாம்பார் வாளியோடு ஒரு முழங்கை, ஒன்றில் ஓடுகிற குழந்தையைப் பிடிக்க நீண்ட விரல்கள், ஒன்றில் ஒரு காது. கேமரா அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள், அல்லது அவள் திரும்பும்போது கேமரா திரும்பிக்கொண்டிருந்தது. முகம் இல்லை. தான் வெட்டுவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலிருந்தே அவளை ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று சண்முகக்கனிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் மனது சற்று லேசானது, லேசானதற்காகத் தன்னையே வெறுத்தாள். முழு முகம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அதைத்தான் அவள் விரல் எடுத்தது.

அந்த வாரமே ராமலட்சுமி முடிந்த வீடியோவைப் பார்க்க வந்தாள். தாலி கட்டுகிற இடம் வந்ததும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"ஆள் போயாச்சு, நிழல் நிக்குதே தம்பி. கையத் தூக்கிக்கிட்டு, தாலி மேல விழுறாப்பல நிக்குதே."

ஜெபசிங் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நிழலை விட்டுட்டியளே அக்கா. புதுசாப் படிக்கிற எல்லாரும் விடுறதுதான், ஆளைப் பாப்பாவ, ஆள் விழுந்த இடத்தைப் பாக்க மாட்டாவ. ரெண்டு நிமிச வேலை. நாளைக்குக் காலையில வந்து நான் எடுத்திருதேன், மத்தியானம் வாங்கிக்கிடுங்கம்மா."

ராமலட்சுமி போன பிறகு சண்முகக்கனி கேட்டாள், "தம்பி, இதை எடுத்தா அங்க மாவுக்கடையில நிக்கிறது?"

"அது வேற, இது வேற அக்கா."

"வேறதானா?"

"வேறதான்" என்றான் அவன், ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், கேமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர்க் காதுகுத்துக்குப் புறப்பட்டுவிட்டான்.

மாடியில் அவள் தனியாக இருந்தாள். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் வந்தது, வெயிலோடு தெருவைக் கடந்து, உரக்கடைப் படிகளில் மடிந்து மடிந்து ஏறி, கொண்டை போட்ட நிழலும் வந்து கதவோரம் நின்றது. அது ஒன்றும் கேட்கவில்லை. நின்றது, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் ஜெபசிங்கின் விரல் அசைந்தால் இதுவும் இருக்காது, பிரவீணாவுக்குத் தலைவைக்கத் தரை மட்டும்தான் இருக்கும். ஆளையே எடுத்த பாவத்தோடு நிழலும் போனால் அன்னபாக்கியம் என்று ஒருத்தி இருந்ததற்கு அவளைத் தவிர வேறு சாட்சி இருக்காது, அந்தச் சாட்சி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

சொந்தக்காரர் இல்லாத நிழலைத்தான் எடுப்பார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். வீடியோவில் அந்த நிழலுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கை வைக்கலாமா, பூஜாடியை வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தாள், எதற்கும் கை இல்லை. உயர்த்திய கை உள்ள நிழலுக்கு உயர்த்திய கையோடு ஒரு பொம்பளைதான் வேண்டும். அதுவும் நெற்றியில் பொட்டுள்ள பொம்பளை, இல்லாவிட்டால் ராமலட்சுமி மறுபடியும் வருவாள்.

சண்முகக்கனி முகத்தைக் கழுவி, குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, பச்சைத் துணிக்கு முன்னால் போய் நின்றாள். செல்போனை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டு, இல்லாத மாலையைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கினாள். ஒருத்தி இல்லாமல் போன இடத்துக்குள் கால் வைக்கிறோம் என்று தெரிந்துதான் தூக்கினாள். கதவோரத்து நிழல் தன் கையைத் தூக்கிக் காட்டியது, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அதன்படி நின்றாள். பிறகு உட்கார்ந்து தன்னைச் சுற்றித் தானே கோடு போட்டு, தன்னை எடுத்துக்கொண்டுபோய் நிழலின் காலடியில் பொருத்தினாள். தன் கன்னத்தின் ஓரம், தன் இடுப்பின் ஓரம் எல்லாம் விரலுக்கு அடியில் போனபோது, அன்றைக்கு அன்னபாக்கியத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் ராமலட்சுமி, "இது யாரு?" என்று கேட்டாள். "நம்ம ஸ்டுடியோ அக்காதான்" என்றான் ஜெபசிங், அவனுக்கே புரியாத முகத்தோடு. "நெத்தி நெறையாக் குங்குமம் வச்சிருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது சண்முகக்கனியின் காலடியில் கொண்டை போட்ட நிழல் விழுந்திருந்தது. அவள் சடைதான் போட்டிருந்தாள்.

மணல்தேரி இதற்கும் பழகியது. விடிவதற்கு முன்னால் நிழல் அவளை மாவுக்கடைப் பக்கம் இழுக்கும், உளுந்து நனைக்க வேண்டும், கிரைண்டர் கழுவ வேண்டும், அவள் போவாள். "உனக்கு எதுக்குளா மாவு அரைக்கிற வேலை?" என்று பட்டுராஜன் கேட்டார். "காலு போகுது" என்றாள். "போற காலு ரெண்டு தோசையும் சுட்டு வச்சிட்டுப் போகட்டும்" என்றார். சனங்கள் சட்டியை இப்போது அவள் முன்னால் வைத்தார்கள், மழையிலும் மாவு கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள், தெருவிளக்கு கெட்டுப்போனபோது யாரும் மெம்பரிடம் போகவில்லை. கல்யாண வீடுகளில் மட்டும், "நிழல் மேடையில விழுறாப்பல நீ கொஞ்சம் அந்தாலத் தள்ளி நின்னுக்கோ, கனி" என்றார்கள். தள்ளி நின்றாள். பிரவீணா வந்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவாள், தரையில்தான் படுப்பாள். அவள் எழுந்திருக்கிற வரைக்கும் சண்முகக்கனி கால் மரத்தாலும் அசையாமல் நிற்பாள்.

"அக்கா, உங்க நெழலு எங்க?" என்று ஒருநாள் அவள் படுத்தபடியே கேட்டாள்.

என்னுடையதை உங்கள் அத்தைக்காகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், கேட்க அழகாக இருந்திருக்கும். "உங்க அத்தைய வீடியோல இருந்து எடுத்தது நாந்தாம்மா" என்றாள் சண்முகக்கனி.

பிரவீணா எழுந்து போகவில்லை. முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டு அதே தரையில் படுத்திருந்தாள். அதன்பிறகும் வந்தாள், ஆனால் சண்முகக்கனியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எடிட்டிங் வேலையைச் சண்முகக்கனி விடவில்லை, ஆளை எடுக்கிற வேலையை மட்டும் தொடுவதில்லை. ஆனால் உலகத்தில் எத்தனையோ மாடிகள் இருக்கின்றன, எத்தனையோ பேர் புதிதாகப் படிக்கிறார்கள், என்றைக்காவது எவளாவது ஒருத்தியின் விரல் கண் படத்தை அமுக்கிவிட்டால் சண்முகக்கனி போவாள், அவளோடு காலடியில் இருக்கிறதும் போகும். அந்தப் பயம் அவளைத் தூங்கவிடவில்லை. கோடு போட்டுப் போட்டு அவள் கண்டுபிடித்திருந்தது ஒன்றுதான்: தனியாக நிற்கிறவரைச் சட்டென்று வெட்டி எடுத்துவிடலாம், இன்னொருவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவரை வெட்டினால் பக்கத்தில் இருக்கிறவருக்கும் காயம் படும், அந்த வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். மேடையில் நிற்கிறவர்கள் அவளைத் தொடவிடுவதில்லை. ஆகவே அந்த ஆவணியில் ஓடைத்தெருக் கல்யாணத்தில், கேமரா லைட் போட்டதும், மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பேச்சியம்மாளிடம் போனாள். போன வருஷம் புருஷன் செத்த பேச்சியம்மாள். அவள் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"விடு கனி, கேமரா இங்கன திரும்புது" என்றாள் பேச்சியம்மாள்.

"திரும்பட்டும்."

"ஏசுவாவ."

"எனக்குப் பயமா இருக்கு, மைனி. ஒனக்காக இல்ல, எனக்காகத்தான் பிடிச்சிருக்கேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, சண்முகக்கனி அவள் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோர்த்து, தோளோடு தோளை நெருக்கி, அவள் எங்கே முடிகிறாள் தான் எங்கே தொடங்குகிறோம் என்று எப்பேர்ப்பட்ட விரலாலும் கோடு போட முடியாதபடி நின்றுகொண்டாள்.